டர்பனில் சமூகப் பணிப் படிப்பு முடித்துத் தொண்டு நிறுவன வேலையில் சேருகிறவர்களுக்கு: முதல் வருடத்துக்கான முழுமையான வழிகாட்டி

நான்கு வருடப் படிப்பும் களப்பயிற்சியும் முடிந்து, ஒரு வழியாக வேலைக் கடிதம் கைக்கு வந்திருக்கும். அரசுத் துறையில் இடம் கிடைக்காமல் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ டொங்காட்டிலோ உள்ள ஒரு தொண்டு நிறுவனம் உங்களை எடுத்திருக்கும். "நிரந்தரமா? சம்பளம் எவ்வளவு?" என்று வீட்டில் கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதிலும் கீழே வருகிறது. அதற்கு முன்னால், புதிதாக வருகிறவர்களுக்கு வேலை பழக்கிவிடும் பொறுப்பில் இருக்கிறவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் துறைக்கு வருகிற எல்லோரிடமும் இரக்கம் இருக்கிறது. ஆனால் ஒரு குழந்தைக்குக் கோர்ட்டில் பாதுகாப்பு கிடைப்பதும், ஓர் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, உதவித்தொகை வருவதும், நிறுவனத்துக்கு அடுத்த தவணைப் பணம் வந்து சேர்வதும் நீங்கள் அன்றன்று ஃபைலில் எழுதி வைப்பதைப் பொறுத்தே நடக்கின்றன. முதல் வருடத்தில் ஒரே ஒரு திறமையைத்தான் வளர்த்துக்கொள்ள முடியும் என்றால், நம்பி எடுத்துப் படிக்கக்கூடிய குறிப்பு எழுதும் திறமையை வளர்த்துக்கொள்ளுங்கள். மற்றவை பின்னாலேயே வரும்.

சேருவதற்கு முன்: காகிதங்கள்

முதல் வேலை, கவுன்சில் பதிவு. 1978-ஆம் ஆண்டின் 110-ஆம் எண் சட்டப்படி, தென்னாப்பிரிக்க சமூக சேவைத் தொழில்கள் கவுன்சிலில் பதிவு இல்லாமல் யாரும் சமூகப் பணியாளராக வேலை செய்யக் கூடாது, செய்தால் குற்றம். படிக்கும்போது மாணவராகப் பதிவு செய்திருப்பீர்கள். அந்தப் பதிவு இதற்குச் செல்லாது. பட்டமளிப்பு விழா வரட்டும் என்று காத்திருக்காமல், படிப்பை முடித்ததற்கான கடிதத்தையும் மதிப்பெண் பட்டியலையும் பல்கலைக்கழகத்தில் கேட்டு வாங்கி, கையோடு விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். "பதிவு எண் வரும் வரைக்கும் சும்மா வேலை ஆரம்பியுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்" என்று ஒரு நிறுவனம் சொன்னால், அந்த இடைப்பட்ட நாட்களுக்கு உங்கள் பதவியின் பெயர் என்ன, எந்த அறிக்கையில் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது ஃபார்ம் 30. குழந்தைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்கள் என்று தீர்ப்பானவர்களின் பெயர்கள் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் பி பகுதியில் இருக்கும். உங்கள் பெயர் அதில் இல்லை என்பதை நீங்களே கேட்டுப் பெறுவதற்கான படிவம் இது. பதில் வர வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்கள் ஆகும். ஆகவே கடைசிப் பரீட்சை முடிந்த கையோடு அனுப்பிவிடுங்கள். பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டுக்கும் இதேபோல ஒரு சான்று உண்டு. போலீஸ் சான்றுக்கு உங்கள் பகுதி ஸ்டேஷனில் கைரேகை கொடுக்க வேண்டும். வருமான வரித் துறையான சார்ஸ் தரும் வரி எண், உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ். கடைசியாகச் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீடு வீடாகப் போகிற வேலை என்பதால், ஓட்டத் தெரியாததாலேயே நல்ல மாணவர்கள் பலர் நேர்முகத் தேர்வோடு நின்றுபோகிறார்கள். நாலாம் வருடத்திலேயே கற்றுக்கொண்டுவிடுங்கள்.

வேலைக் கடிதத்தை எப்படிப் படிப்பது

வேலை நிலைமைகளை எழுத்தில் தரவேண்டியது முதலாளியின் கடமை, தொண்டு நிறுவனத்துக்கும் இதில் விலக்கு இல்லை. கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது, வேலை எந்தத் தேதியில் முடிகிறது என்பது. பல கடிதங்களில் மார்ச் 31 என்று இருக்கும், ஏனென்றால் அரசின் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் ஆரம்பித்து மார்ச் 31-இல் முடிகிறது. உங்கள் சம்பளம் சமூக மேம்பாட்டுத் துறையின் மானியத்திலிருந்து வந்தால், வேலையும் அந்த மானியத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். குறைந்த வருமானக்காரர்களை மூன்று மாதத்துக்கு மேல் குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வைக்க நியாயமான காரணம் காட்ட வேண்டும் என்று தொழிலாளர் உறவுச் சட்டம் சொல்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு வெளியிலிருந்து வரும் நிதியில் ஓடும் வேலை என்பதும் அந்தச் சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்று. ஆகவே இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். "போன வருடம் இந்த இடத்தில் இருந்தவரின் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தீர்களா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

சம்பளம் அரசுப் பணியில் இருப்பவர்கள் வாங்குவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இது பழைய காயம். ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் தொண்டு நிறுவனங்களின் சங்கம் இதற்காகக் கோர்ட்டுக்கே போனது. அரசின் கடமையைத்தான் இந்த நிறுவனங்கள் செய்கின்றன, அதற்கான மானியக் கொள்கை சரியில்லை என்று 2010-இல் ப்ளூம்ஃபொன்டெய்ன் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இன்றும் இடைவெளி மூடவில்லை. உங்கள் உழைப்புக்கு மதிப்புக் குறைவு என்று அந்தத் தொகையைப் பார்த்து முடிவுகட்டிவிடாதீர்கள்.

சட்டம் தரும் குறைந்தபட்ச உரிமைகளும் உண்டு. வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேல் சாதாரண வேலை நேரம் கூடாது. வருடத்துக்குத் தொடர்ச்சியாக 21 நாள் விடுப்பு, வார இறுதிகளும் அதில் சேரும். நோய் விடுப்பு மூன்று வருடச் சுற்றில் ஆறு வார வேலைநாட்களுக்குச் சமம். ஆனால் முதல் ஆறு மாதத்தில், வேலை செய்த ஒவ்வொரு 26 நாளுக்கும் ஒரு நாள் மட்டும். வேலையில்லாக் காலத்துக்கான காப்பு நிதியான யு.ஐ.எஃப்-க்கு உங்கள் சம்பளத்தில் 1 சதவீதம் பிடிப்பார்கள், நிறுவனம் 1 சதவீதம் போட வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் தெரிகிறதா, பணம் போய்ச் சேர்கிறதா என்று முதல் மூன்று மாதத்துக்குள் ஒருமுறை சரிபாருங்கள். உங்கள் சொந்தக் காரில் போக வேண்டியிருந்தால் கிலோமீட்டருக்கு எவ்வளவு, எப்போது கொடுப்பார்கள் என்பதும் கடிதத்தில் இருக்கட்டும். முதல் நாளிலிருந்தே லாக்புக் எழுதுங்கள்.

அப்புறம், நேர்முகத்திலேயே கேட்க வேண்டிய ஒன்று: எனக்கு சூப்பர்வைசர் யார்? பெயர் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பதிலுக்கு அவர்கள் தடுமாறினால் யோசியுங்கள்.

முதல் வாரம்

உடனே முப்பது நாற்பது கேஸைக் கையில் வாங்கிக்கொள்ளத் துடிக்காதீர்கள். உங்களுக்கு ஒதுக்கப் போகும் ஃபைல்களை எடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று விஷயத்தைத் தேடுங்கள்: கடைசியாக யாராவது அந்தக் குழந்தையை நேரில் பார்த்த தேதி, கோர்ட் உத்தரவு காலாவதியாகும் தேதி, செய்வதாகச் சொல்லி இன்னும் செய்யாத வேலை. இவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால் முதல் மாதத்துக்கான வேலைத் திட்டம் உங்கள் கையில் இருக்கும்.

அலுவலகத்தில் பட்டம் இல்லாமல் பல வருடமாக இருப்பவர்கள்தான் உங்களுக்கு முதல் ஆசிரியர்கள். வரவேற்பு மேசையில் இருக்கும் ஆன்ட்டிக்கு, யார் குடித்துவிட்டு வந்து சத்தம் போடுவார், யார் சத்தமே போடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தாலும் உடனே கவனிக்கப்பட வேண்டியவர் என்று தெரியும். துணைச் சமூகப் பணியாளர்கள் உம்லாசிக்குள் எந்தத் தெருவில் எந்த நேரத்தில் போகக் கூடாது என்று சொல்வார்கள். டீ நேரத்தில் அவர்களோடு உட்காருங்கள். அக்கா, அண்ணா என்று கூப்பிடுகிற இடமா, மிஸஸ் நாயுடு என்று கூப்பிடுகிற இடமா என்பதை இரண்டு நாள் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் பின்பற்றுங்கள்.

அந்த வாரத்திலேயே தொடர்பு எண்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்: குழந்தைகள் கோர்ட்டின் கிளார்க், போலீஸில் குடும்ப வன்முறையும் குழந்தைப் பாதுகாப்பும் பார்க்கும் பிரிவு, ஆர்.கே. கான் மருத்துவமனையின் சமூகப் பணியாளர் அறை, ஃபீனிக்ஸ் மகாத்மா காந்தி மருத்துவமனையிலும் உம்லாசி பிரின்ஸ் ம்ஷியேனி மருத்துவமனையிலும் உள்ள, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான துதுசேலா மையங்கள், அரசு உதவித்தொகை வழங்கும் சாஸ்ஸாவின் உள்ளூர் அலுவலகம். குழந்தைகளுக்கான இலவச உதவி எண் 116. பெண்களுக்கெதிரான வன்முறைக்கு 0800 428 428. ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் போன் செய்து அழும்போது தேட நேரமிருக்காது.

பணம் எங்கிருந்து வருகிறது

இதைக் கல்லூரியில் போதுமான அளவு சொல்லித் தருவதில்லை. 1997-ஆம் ஆண்டின் 71-ஆம் எண் சட்டப்படி பதிவுசெய்த ஒவ்வொரு தொண்டு நிறுவனமும், நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் கணக்கும் நடவடிக்கை அறிக்கையும் துறைக்குத் தர வேண்டும். மானியம் தவணை தவணையாக வரும். ஏப்ரல் தவணை தாமதமாவது புதிதல்ல. அந்த மாதம் சம்பளம் தள்ளிப்போனால் என்ன செய்வீர்கள் என்று முன்கூட்டியே வீட்டில் பேசி வையுங்கள், முடிந்தால் ஒரு மாதச் செலவுக்குச் சிறிது ஒதுக்குங்கள்.

மானியம் போக, லாட்டரி நிதி, அறக்கட்டளைகள், கோயில்கள், தனி ஆட்கள். நிறுவனத்துக்கு வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவு அங்கீகாரம் இருந்தால் நன்கொடை தருபவர் தன் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். ஜூலை 18 மண்டேலா தினத்தன்று ஒரு கம்பெனியார் போர்வையும் பிஸ்கட்டும் கொண்டுவந்து, குழந்தைகளோடு போட்டோ எடுத்துக்கொள்ள ஆசைப்படுவார்கள். நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் கோர்ட்டில் வழக்கு உள்ள குழந்தையின் அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடக் குழந்தைகள் சட்டம் தடை விதிக்கிறது. "பொருட்களை, உங்கள் ஊழியர்களை, எங்கள் கட்டடத்தை எடுங்கள், குழந்தைகளின் முகம் வேண்டாம்" என்று கனிவாகச் சொல்லப் பழகுங்கள். உங்கள் மேலாளர் தயங்கினாலும் நீங்கள் சொல்லலாம், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

மாதாந்திரப் புள்ளிவிவரப் படிவத்தை வெறுக்காதீர்கள். எத்தனை பேரைப் பார்த்தோம் என்ற எண்ணிக்கையை வைத்துத்தான் அடுத்த வருடம் உங்கள் பதவிக்கு நிதி கேட்பார்கள். மாதக் கடைசி நாளில் ஞாபகத்திலிருந்து எண்களை எழுதுவது கூடாது. ஃபைலில் இல்லாத ஒரு சந்திப்பு அந்தப் படிவத்திலும் இருக்கக் கூடாது.

முதல் வீட்டுக்குப் போகும்போது

ஒரு சாதாரண உதாரணம். பேவியூவில் மூன்று மாடி ஃபிளாட். பள்ளியிலிருந்து ஆசிரியை எழுதியிருக்கிறார்: எட்டு வயதுப் பையன், மூன்று வாரமாகச் சாப்பாடு இல்லாமல் வருகிறான், கையில் தழும்பு. அவனை வளர்ப்பது தாய்வழிப் பாட்டி. தாய் சுகர்ஸ் என்ற போதைப்பொருள் பழக்கத்தில் வீட்டுக்கு வருவதும் போவதுமாக இருக்கிறாள்.

போவதற்கு முன் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று அலுவலகப் பலகையில் எழுதுங்கள். முதல் தடவை இருவராகப் போங்கள். காரைத் திருப்பி, வெளியேறும் திசையில் நிறுத்துங்கள். கதவைத் தட்டியதும் உங்கள் பெயர், நிறுவனம், எதற்காக வந்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். "சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தோம் ஆயா" என்று ஆரம்பித்தால், பின்னால் கோர்ட் என்ற வார்த்தை வரும்போது அந்த ஆயா உங்களை நம்ப மாட்டார்.

உட்காரச் சொன்னால் உட்காருங்கள், தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். கொடுத்ததை வாங்காமல் இருந்தால் அந்த வீட்டை அசிங்கமாக நினைப்பதாகத்தான் படும். சமையலறையைப் பார்க்க வேண்டும் என்றால் கேட்டுவிட்டுப் பாருங்கள். பையனோடு தனியாகப் பேச வேண்டும், ஆனால் அவன் உங்களிடம் சொன்னதை அவன் முன்னிலையிலேயே ஆயாவிடம் ஒப்பிக்கக் கூடாது.

மொழி விஷயத்தில் நம் ஆட்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மெர்பேங்கிலும் டொங்காட்டிலும் இன்னும் சில முதியவர்களுக்கு வருத்தமான செய்தியைச் சொல்லத் தமிழ்தான் வரும். ஆங்கிலத்தில் "ஃபைன், ஃபைன்" என்று சொல்லிக்கொண்டே இருந்த ஒரு பாட்டி, "சாப்பிட்டீங்களா ஆயா?" என்று கேட்டதும், பேரன் தன் சாஸ்ஸா கார்டைப் பிடுங்கிக்கொண்டான் என்று சொல்லத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் தமிழ் திக்கினாலும் பேசுங்கள்.

அதே அளவுக்கு ஜுலு மொழியும் வேண்டும். உங்களைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் ஜுலு பேசுகிறவர்களாக இருக்கலாம். வீட்டுக்குள் நுழைந்ததும் "சனிபோனானி" என்று வணக்கம் சொல்வது, பாட்டியை "கோகோ", தாத்தாவை "ம்குலு" என்று அழைப்பது, அவர்கள் நலம் விசாரித்து முடிக்கும் வரை விஷயத்துக்கு வராமல் இருப்பது. இவ்வளவைக்கூடக் கற்றுக்கொள்ளாமல் வருடக்கணக்காக வேலை செய்வது மரியாதை இல்லை. கடினமான பேச்சுக்கு மொழிபெயர்ப்பவர் தேவைப்பட்டால் சக ஊழியரை அழைத்துப் போங்கள். ஒருபோதும் அந்த வீட்டுக் குழந்தையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன் அம்மாவைப் பற்றிய கேள்வியை ஒரு குழந்தை தன் வாயால் கேட்க நேரக் கூடாது.

அன்றே எழுதுங்கள்

காருக்குத் திரும்பியதும், வண்டியை அந்தத் தெருவிலிருந்து நகர்த்தி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, நேரமும் நேரில் கேட்ட வார்த்தைகளும் மறப்பதற்குள் குறித்துக்கொள்ளுங்கள். அலுவலகம் போனதும் முழுக் குறிப்பு.

புதியவர்களின் குறிப்புகளில் அடிக்கடி வருவது இப்படி இருக்கும்: "வீடு சுத்தமாக இல்லை. பாட்டி ஒத்துழைக்கவில்லை. குழந்தை சோகமாக இருந்தான்." மூன்று வாக்கியமும் தீர்ப்புகள். படிக்கிற மாஜிஸ்திரேட்டுக்கு அந்த வீட்டில் என்ன இருந்தது என்று எதுவும் தெரியாது. அதே சந்திப்பை இப்படி எழுதலாம்:

"மாலை 3.40. பாட்டி கதவைப் பாதி திறந்து, 'போன மாசம் ஒருத்தி வந்தா, மறுபடி வரவே இல்ல' என்றார். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் உள்ளே விட்டார். சமையலறையில் இரண்டு கிலோ அளவில் மீலி மாவும் அரைப் பாக்கெட் சர்க்கரையும் இருந்தன. பால், பருப்பு, காய்கறி காணவில்லை. மின்சாரம் இல்லை, மீட்டரில் பணம் முடிந்துவிட்டதாகப் பாட்டி சொன்னார். பையனின் இடது முன்கையில் நாணய அளவில் இரண்டு வட்டத் தழும்பு. 'எப்படி வந்தது?' என்று கேட்டேன். 'அம்மாவோட ஃபிரெண்ட்' என்றான், பிறகு பேசவில்லை. செய்யப் போவது: இன்றே சூப்பர்வைசரிடம் சொல்வது, ஃபார்ம் 22-இல் புகார் செய்வது, நாளை காலை மருத்துவப் பரிசோதனை."

பார்த்தது, கேட்டது, செய்யப்போவது. உங்கள் கருத்தும் வேண்டும், ஆனால் தனிப் பத்தியில், அது கருத்துதான் என்று தெரியும்படி. அந்தப் பாட்டி சொன்ன முதல் வாக்கியத்தைப் பாருங்கள். போன மாதம் யாரோ வந்துவிட்டுத் திரும்பி வரவில்லை என்பது நம் நிறுவனத்தைப் பற்றிய புகாராகவே இருக்கலாம். அதையும் எழுத வேண்டும். நமக்கு வசதியில்லாததை விட்டுவிட்டு எழுதிய ஃபைல் யாருக்கும் உதவாது.

இன்னொன்று. அந்தப் பாட்டிக்கோ, பையன் வளர்ந்த பிறகு அவனுக்கோ, தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க உரிமை உண்டு. 2021 ஜூலை 1 முதல் முழு அளவில் நடைமுறைக்கு வந்த தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. அவர்கள் முகத்துக்கு நேராகப் படித்துக் காட்ட முடியாத வாக்கியம் ஃபைலில் வேண்டாம். பெயரையும் படத்தையும் வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். அலுவலகக் குழுவாக இருந்தாலும் சரி.

சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தும் இடங்கள்

2005-ஆம் ஆண்டின் 38-ஆம் எண் குழந்தைகள் சட்டத்தின் 110-ஆம் பிரிவு, ஒரு குழந்தை அடிக்கப்பட்டது, பாலியல் கொடுமைக்கு ஆளானது அல்லது வேண்டுமென்றே கவனிக்காமல் விடப்பட்டது என்று நியாயமான அடிப்படையில் முடிவுக்கு வந்தால் புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறது. அதற்கான படிவம்தான் ஃபார்ம் 22. "குடும்பம் நமக்குத் தெரிந்தவங்க, பேசிப் பார்க்கலாம்" என்று மேலே இருக்கிற யாராவது சொன்னாலும் கடமை உங்கள் தலையில்தான் இருக்கிறது. முதியோர் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு முதியவர் கொடுமைப்படுத்தப்படுகிறார் என்று சந்தேகம் வந்தாலே, யாராக இருந்தாலும், உடனே தெரிவிக்க வேண்டும்.

குழந்தையை வீட்டிலிருந்து எடுப்பது இந்த வேலையிலேயே கனமான காரியம். கோர்ட் உத்தரவு இல்லாமல் எடுக்க நேர்ந்தால், 24 மணி நேரத்துக்குள் பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ தெரிவிக்க வேண்டும். அடுத்த கோர்ட் நாளுக்குள் விஷயம் குழந்தைகள் கோர்ட்டின் கிளார்க்கிடம் போக வேண்டும். தொண்டு நிறுவனங்களில், குழந்தைப் பாதுகாப்புக்கென்று அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் சமூகப் பணியாளருக்குத்தான் இந்த அதிகாரம். உங்கள் நிறுவனத்துக்கு அந்த அங்கீகாரம் உண்டா என்று முதல் வாரமே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வருடத்தில் இதைத் தனியாகச் செய்யாதீர்கள். யார் சொன்னாலும் சூப்பர்வைசருக்கு போன் போட்டுவிட்டுத்தான்.

விசாரித்து அறிக்கை கொடுக்க 90 நாள். கேட்க நிறைய நாள் போலத் தோன்றும். பிறப்புச் சான்றிதழுக்கு உள்துறை அலுவலகத்தில் வரிசை, அப்பாவைத் தேடுவது, பள்ளி அறிக்கை என்று அறுபது நாள் எங்கே போனதென்றே தெரியாது. ஆகவே காகிதங்களை முதல் வாரமே கேட்டு விண்ணப்பியுங்கள்.

கோர்ட் உத்தரவுகள் பொதுவாக இரண்டு வருடத்தில் காலாவதியாகும். அதற்கு முன் நீட்டிப்புக்கு அறிக்கை போக வேண்டும். இது தவறினால் என்ன ஆகும் என்பதை இந்த நாடே பார்த்தது. வளர்ப்புக் குடும்ப உத்தரவுகள் பெருமளவில் காலாவதியாகி, குழந்தைகளின் உதவித்தொகை நின்றுபோகும் நிலை வந்து, 2011-இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தலையிட்டு அவற்றை நீட்டிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் காலாவதித் தேதிகளை முதல் வாரமே குறிக்கச் சொன்னேன்.

பாட்டி, பெரியம்மா வீட்டில் வளரும் தாய் தந்தை இல்லாத குழந்தைகளுக்கு எல்லாம் வளர்ப்புக் குடும்ப உத்தரவு தேவைப்படாமல் போகலாம். குழந்தை உதவித்தொகை 2025 ஏப்ரலில் மாதம் 560 ராண்டாக இருந்தது. அதற்கு மேல், உறவினரிடம் வளரும் அநாதைக் குழந்தைக்குக் கூடுதல் தொகை ஒன்றும் சாஸ்ஸாவில் உண்டு. இது பல குடும்பங்களுக்குத் தெரியாது. விண்ணப்பிக்க உதவுங்கள். யாராவது வட்டிக்குப் பணம் கொடுத்துவிட்டு அந்தப் பாட்டியின் கார்டையும் பின் எண்ணையும் பிடித்து வைத்திருந்தால் அது சட்டவிரோதம் என்பதையும் சொல்லுங்கள்.

சூப்பர்விஷன்

2012-இல் சமூக மேம்பாட்டுத் துறையும் கவுன்சிலும் சேர்ந்து வெளியிட்ட சூப்பர்விஷன் வழிமுறை ஒன்று இருக்கிறது. அதன் சாரம்: புதிய பணியாளருக்கு முறையான, திட்டமிட்ட வழிகாட்டல் வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறதென்றால், சூப்பர்வைசருக்கே தலைக்கு மேல் வேலை, நடைபாதையில் நின்று இரண்டு நிமிடம் பேசுவதோடு முடிந்துவிடும். நாளும் நேரமும் குறித்து, மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் கேளுங்கள். கேட்பதோடு நிறுத்தாமல் மூன்று கேஸைத் தயாராக எடுத்துப் போங்கள்: ஒன்று முடிவெடுக்க முடியாதது, ஒன்று பயமாக இருப்பது, ஒன்று ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது. பேசி முடிவானதை அரைப் பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தொடர்ந்து மூன்று முறை ரத்தானால், ரத்தான தேதிகளைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

நம் ஆட்களுக்கு நடுவே

சாட்ஸ்வொர்த் பெரிய இடம்தான், ஆனால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். உங்கள் கேஸில் உள்ள ஒருவரை ஆடி மாதக் கஞ்சி ஊற்றும்போதோ, தைப்பூசக் காவடியிலோ, பங்களாதேஷ் மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கும்போதோ பார்ப்பீர்கள். முதல் சந்திப்பிலேயே இதைப் பேசிவிடுங்கள்: "வெளியில் பார்த்தால் நானாக வந்து பேச மாட்டேன். நீங்கள் வணக்கம் சொன்னால் நானும் சொல்வேன்." அதைக் கேட்டதும் பலருக்கு மூச்சு லேசாவது முகத்திலேயே தெரியும்.

உங்கள் பெரியம்மாவின் பக்கத்து வீடு கேஸாக வந்தால், உடனே சூப்பர்வைசரிடம் சொல்லி வேறொருவருக்கு மாற்றக் கேளுங்கள். வீட்டில் "அந்தக் குடும்பத்தில் என்ன நடக்குது?" என்று கேட்பார்கள். அம்மாவாக இருந்தாலும் சொல்லக் கூடாது. இதைக் கறாராகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரே ஒரு தடவை ஒரு பேச்சு வெளியே போனால் அந்தத் தெருவில் இனி யாரும் உங்கள் அலுவலகக் கதவைத் தட்ட மாட்டார்கள். நிர்வாகக் குழுவில் உள்ள பெரியவர்கள் பேச்சுவாக்கில் ஒரு கேஸைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில்தான். அவர்களுக்கு மொத்த எண்ணிக்கை தெரியலாம், பெயர் தெரிய வேண்டியதில்லை.

ஆறு மாதத்துக்குப் பிறகு

தகுதிகாண் காலம் முடியும்போது எழுத்தில் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். அந்தக் காலத்திலும் நியாயமான காரணமும் நியாயமான முறையும் இல்லாமல் நீக்க முடியாது. அப்படி நடந்தால் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையமான சி.சி.எம்.ஏ.-வுக்குப் போக 30 நாள் அவகாசம். டிசம்பரில் பல நிறுவனங்கள் பாதி ஆட்களோடுதான் ஓடும். ஆனால் போனஸும் குடியும் சேரும் அந்த மாதத்தில் வீடுகளில் சண்டை கூடும். பணி நேரத்துக்கு வெளியே அழைப்பு எடுக்க வேண்டிய முறை உங்களுக்கு வந்தால், அதற்குப் பதில் ஓய்வு எப்போது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். தூக்கம் கெடுவது, அழுகையே வராமல் போவது, கதவைத் தட்டப் பயம் வருவது. இவை வந்தால் சூப்பர்விஷனில் சொல்லுங்கள், வெளியே ஓர் ஆலோசகரையும் பாருங்கள். கவுன்சில் கேட்கும் தொடர்கல்விப் புள்ளிகளையும் முதல் வருடத்திலிருந்தே சேர்த்து, சான்றிதழ்களை ஒரே ஃபைலில் வையுங்கள்.

ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து அரசு வேலை வந்தால் போங்கள். அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்திருந்தால் நான்கு வார நோட்டீஸ். அந்த நான்கு வாரத்தில் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பக்கக் கைமாற்றுக் குறிப்பு எழுதுங்கள்: யார் யார், இப்போது எந்த நிலை, அடுத்த தேதி என்ன, பாக்கி என்ன, யாரிடம் எப்படிப் பேசினால் கதவு திறக்கும். பாதுகாப்பு இல்லங்களில் இருக்கும் குழந்தைகளிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். முடிந்தால் புதிதாக வருகிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். புதியவர் இன்னும் வரவில்லை என்றால், அதுவரை பொறுப்பு யாருக்கு என்பதைச் சூப்பர்வைசரின் கையெழுத்தோடு ஃபைலில் சேர்த்துவிட்டு, கடைசி நாளன்று லேப்டாப்பையும் சாவியையும் கொடுக்கும்போது ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதிய வேலையிடத்தைக் கவுன்சிலுக்கும் தெரிவித்துவிடுங்கள்.